எனக்கு ஆட்சேபணை ஒண்ணுமில்லைங்க

லித்துவேனியா எங்க இருக்குதுன்னு தெரியுங்களா உங்களுக்கு? தெரியாதில்லீங்க? வெக்கப்படாதீங்க. போன ஐப்பசி வரைக்கும் எனக்கும் தெரியாது. இப்ப எங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். நான்தான் சொல்லிக் குடுத்தேன். போலந்துக்கு மேல, கடல ஒட்டி. நம்ம கோயமுத்தூர் ஜில்லா சனம்கூட இல்லாத நாடு.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, உங்க பக்கம் வெய்யில் அடிக்குது. மதுரைக்குத்தானுங்களே? நல்லதாப் போச்சு. நானும் மதுரைதான். பஸ் இன்னும் கரூரே வரல, நிதானமாச் சொல்றேன்.

நான் டாக்டர் சென்னியப்பன். ஊசி போடற டாக்டர் இல்லீங்க, பிஎச்.டி. கோபி பக்கம் ஒரு காலேஜுல விலங்கியல் துறைத்தலைவர். இருபத்தொம்பது வருச சர்வீஸ். வர்ற மே மாசம் ரிட்டயர்டு. காலேஜுப் பேரு வேண்டாம், விடுங்க. நல்ல காலேஜ்தான். பொறியியல், நர்சிங், பாலிடெக்னிக்னு ஒரே காம்பவுண்டுக்குள்ள ஆறு இருக்குது.

அந்த லித்துவேனியாவுல ஒரு யுனிவர்சிட்டி. அவங்களுக்கும் எங்களுக்கும் பரிமாற்றத் திட்டம். அவங்க வாத்தியார் ஒருத்தர் ஒரு வாரம் இங்க வந்து பாடம் நடத்தோணும். எங்க வாத்தியார் ஒருத்தர் அங்க போயி ஒரு வாரம் நடத்தோணும். அப்புறம் பசங்க ரெண்டு பேரு, ஒரு செமஸ்டர். பொண்ணு குடுத்துப் பொண்ணெடுக்கற மாதிரின்னு வெச்சுக்குங்களேன். அதுக்கு ஒருங்கிணைப்பாளர் யாரு? நான். லெட்டர் பேடுல என் பேரு, தாளாளர் பேருக்கு நேர் கீழ.

இப்ப நீங்களே சொல்லுங்க. ஒருங்கிணைப்பாளரு நானு. துறைத்தலைவர் நானு. ரிட்டயர்டு ஆகப் போறவன் நானு. யாரு போவாங்க? ஏப்ரல்ல ஒரு வாரம், நான்தானே போவேன்? இதுல யாரையாச்சும் கேக்க வேண்டியது இருக்குதுங்களா? நான் யாரையும் கேக்கல. பாஸ்போர்ட் எடுத்தேன். திருப்பூர்ல மச்சான்கிட்டச் சொல்லித் தொடை வரைக்கும் வர்ற கோட்டு ஒண்ணு தெச்சேன். எங்கூட்டம்மா பருப்புப்பொடி எத்தன நாளைக்குக் கெடாம இருக்கும்னு ஆரம்பிச்சுட்டா.

இதுல சம்பந்தி வேற. என் பொண்ணு மாமனாரு. ரெண்டு தடவை சிங்கப்பூர் போயிட்டு வந்தவரு. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தச் சிங்கப்பூரையே எடுத்து வெச்சு அரைப்பாரு. ரோட்டுல துப்புனா அபராதமாமா, லிப்டு பேசுமாமா. இருபத்தொம்பது வருசம் வேலை பாத்தவன் ஏரோப்ளேனக் கிட்டத்துல பாத்ததில்லைங்கறது அவருக்குத் தெரியும். இந்தப் பொங்கலுக்கு வாயத் தொறந்தாரு. நான் கரும்பைக் கடிச்சிட்டே, "ஏப்ரல்ல நான் லித்துவேனியா போறனுங்க"ன்னேன். மனுசன் அப்படியே அடங்கிட்டாரு. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோசம், சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க.

அப்புறம்தான் லித்துவேனியாவுல இருந்து அந்தம்மா வந்து சேந்துச்சு. ரூத்தான்னு பேரு. பொங்கல் முடிஞ்ச வாரம். வெளிநாட்டுப் பேராசிரியைன்னா நான் என்னமோ கவர்னர் மாதிரி வருவாங்கன்னு நெனச்சேன். ஒரு பேண்ட்டு, ஒரு பருத்திச் சட்டை, முதுகுல ஒரு பை. அவ்ளோதான். கேட்டுல நாதஸ்வரம், பூரணகும்பம், நூத்தம்பது பொண்ணுக சேலை கட்டிட்டு ரெண்டு வரிசையா நிக்குது. அந்தம்மா நடுவுல பஸ்ஸத் தவற விட்ட மாதிரி நின்னுது.

"தங்கள் ஆராய்ச்சி என்னங்க மேடம்?"னு இங்கிலீசுல கேட்டேன். மண்புழுவாமா. இருபது வருசமா மண்புழுவாமா. ஏழாயிரம் கிலோமீட்டர் ஏரோப்ளேன்ல வந்தது மண்புழுவப் பத்திப் பேசறதுக்கு! நம்ம ஊர்ல சாணிய மிதிச்சா கால்ல ஒட்டிட்டு வரும். அதுக்கொரு பேராசிரியை, அதுக்கொரு திட்டம், அதுக்கொரு விசா.

நான் மண்புழு நடத்தாதவனா? இருபத்தொம்பது வருசமா நடத்தறேன். என் நோட்டுல இருக்குது. உடம்புல நூறு நூத்தி இருவது வளையம். பதினாலு, பதினஞ்சு, பதினாறு, இந்த மூணு வளையத்துல மட்டும் தடிப்பா ஒரு பட்டை. மூணு. இதச் சொல்லிக் குடுக்க ஒரு மணி நேரம் போதும்.

சரி. அவங்க திட்டத்துல ஒரு விதி. ஒரு வாரம் வந்தா எட்டு மணி நேரம் வகுப்பு எடுத்தே ஆகோணும். எடுத்ததுக்கு நாம சான்றிதழ் குடுக்கோணும். இல்லீன்னா ஊர்ல போயி பதில் சொல்ல முடியாதாமா. அந்தம்மா வந்த நிமிசத்துல இருந்து அதேதான். "எப்ப என் வகுப்பு? எப்ப என் வகுப்பு?" ஏனுங்க, விருந்தாளியா வந்தவங்களக் கரும்பலகை முன்னாடி நிக்க வெக்கற வழக்கம் நம்மகிட்ட உண்டுங்களா? நாம என்ன அவ்வளவு மரியாதை தெரியாதவங்களா?

திங்கக்கிழமை வரவேற்பு விழா. பத்து மணிக்குன்னு போட்டது, தாளாளர் பன்னண்டு மணிக்கு வந்தாரு. குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை ஒம்பது பேரு, நன்றியுரை. ரெண்டே முக்கால் ஆச்சு. செவ்வாக்கெழமை ஒப்பந்தம் கையெழுத்து, போட்டோ. மொதப் போட்டோவுல தாளாளர் கண்ண மூடிட்டாருன்னு மறுபடியும் கையெழுத்துப் போட்டோம். புதன்கிழமை ஆறு காலேஜுக்கும் கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு எடத்துலயும் ஒரு பொன்னாடை. வியாழக்கெழமை பண்ணாரி, பவானிசாகர் டேம். வெள்ளிக்கெழமை பிரிவுபசாரம். ஒவ்வொரு நாளும் அந்தம்மா கேக்கும், நானும் "நாளைக்கு மேடம், நாளைக்கு"ம்பேன். மொத்தம் பதினேழு பொன்னாடைங்க. அதுல அஞ்சு நான் போட்டது.

எந்நேரமும் விழாவான்னு நெனக்காதீங்க. புதன்கெழமை எங்க துறைக்கு வந்தப்ப, ஒரு வகுப்புல உக்காந்து பாக்கலாமான்னு கேட்டுச்சு. பாருங்களேன்னேன். என் வகுப்புக்கே கூட்டிட்டுப் போனேன். கடைசி பெஞ்சுல உக்காந்துச்சு. நான் நோட்டை எடுத்து டிக்டேட் பண்ணேன். அம்பது நிமிசம். ஒரு சத்தம் இல்லை. பேனா ஓடற சத்தம் மட்டும்தான் கேக்குது. அறுவது பசங்க, ஒருத்தன் தலை நிமிரல. அந்தம்மா சின்ன நோட்டுல என்னமோ எழுதிட்டே இருந்துச்சு. வெளிய வந்து, "இவங்க எப்பக் கேள்வி கேப்பாங்க?"ன்னுது. "அவங்க ஏன் மேடம் கேக்கோணும்? செமஸ்டர்ல நாங்க கேப்போம்"னேன். அதையும் எழுதிக்கிச்சு. அவங்க ஊர்ல இந்த மாதிரி கட்டுப்பாடு எங்க இருக்கும்? அசந்து போயிருக்கும்.

இப்பத்தான் கோகிலவாணி வருது கதைக்குள்ள. எனக்குக் கீழ வேலை பாக்கற அம்மிணி. பன்னண்டு வருசமா இருக்குது. சத்தியமங்கலத்துல இருந்து பஸ்ல வரும். கையில எப்பப் பாத்தாலும் நகத்துல மண்ணு. வேலையில குத்தம் சொல்ல மாட்டேன். டைம்டேபிள் போடும், ஆய்வகம் பாக்கும், பரீட்சை வேலை பூராவும் அதுதான். நான் லீவு போட்டா என் வகுப்பும் அதுதான். சொன்னதச் செய்யும். அப்படி ஒரு ஆளுன்னுதான் நானும் நெனச்சிட்டு இருந்தேன்.

வெள்ளிக்கெழமை காலையில அந்தம்மா சான்றிதழ் நீட்டுச்சு. எட்டு மணி நேரம்னு எழுதியிருந்துச்சு. எனக்குப் பரம சந்தோசம். விழாவுல உக்காந்த நேரத்த எல்லாம் கணக்குல எடுத்துக்கிட்டாங்க போல, நல்ல விவரமான பொம்பளைன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டு சீல் வெச்சுக் குடுத்துட்டேன்.

அதுல இல்லீங்க சங்கதி! திங்கக்கெழமை விழாவுல இருந்து இறங்கறப்பவே கோகிலவாணி அந்தம்மாகிட்டப் போயி, "காலையில ஏழு மணிக்கு வர முடியுங்களா மேடம்?"னு கேட்டிருக்குது. ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னாடி, பாத்திரம் கழுவற தண்ணி வாழைக்குப் பாயற எடம் இருக்குதில்ல, அங்க. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு நாளு, ஏழுல இருந்து ஒம்பது. எட்டு மணி நேரம். ஹாஸ்டல் பசங்க முப்பது பேரு, கையில மண்ணு கிளறற கொத்து வெச்சிட்டு. அந்தம்மா சேத்துல முட்டி போட்டு உக்காந்திருக்குது. நாங்க இந்தப் பக்கம் சிவப்புக் கம்பளம் விரிச்சிட்டு இருக்கறோம், அது அந்தப் பக்கம் சேத்துல. இந்த விசயம் காலேஜ் பூரா தெரிஞ்சிருக்குது. மெஸ் மாஸ்டருக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரியல.

எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு கேளுங்க. பிரிவுபசார மேடையில. எறநூறு பேருக்கு முன்னாடி. அந்தம்மா பேசுச்சு. "நீங்க குடுத்த பதினேழு சால்வையும் எங்க ஊர்க் குளிருக்கு எனக்குக் காலம் பூரா வரும்"னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் பெருமையாத்தான் சிரிச்சேன். அப்புறம், "நான் இங்க வந்தது வகுப்புக்காக. அந்த வகுப்ப எனக்குக் குடுத்தது கோகிலவாணி"ன்னுச்சு. உடனே ஹாஸ்டல் பொண்ணு ஒண்ணு கண்ணாடி ஜாடியத் தூக்கிட்டு மேடைக்கு வந்துருச்சு. உள்ள புழு. "சார், நாங்க எண்ணிப் பாத்தோம், நம்ம வாழைக்குழிப் புழுவுக்குப் பட்டை நாலு வளையத்துல இருக்குது"ங்குது. மைக்குல!

நான் விடுவனா? எந்திரிச்சேன். "மூணு. புத்தகத்துல மூணு. அந்தப் புழுவுக்கு ஏதாச்சும் ஊனம் இருக்கும்"னேன். அப்பப் பாத்து இந்த அம்மிணி எந்திரிச்சு, பணிவா, கையக் கட்டிட்டு, "அது வேற இனமுங்க சார். நம்ம ஊர்ப் புழுவுக்கு நாலுதானுங்க. ப்ளஸ் ஒன் புத்தகத்துலயே இருக்குதுங்க"ன்னுது.

ப்ளஸ் ஒன் புத்தகம்! ஏனுங்க, நான் காலேஜ் வாத்தியாரு. ப்ளஸ் ஒன் புத்தகத்த நான் எதுக்குப் படிக்கோணும்? தாளாளர் என்னப் பாத்தாரு. அந்த ஹால்ல சிரிச்சாங்க பாருங்க, இன்னும் காதுல இருக்குது. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. இந்த வயசுல, ஒரு புழுவுக்காக.

அப்புறம் மாசி பொறந்ததும் கடுதாசி வந்துச்சு அங்கிருந்து. அழைப்பு. ஏப்ரல் ரெண்டாவது வாரம், எட்டு மணி நேரம் வகுப்பு, பேராசிரியர் கோகிலவாணி. என் பேரு எங்கயாச்சும் இருக்குதான்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். இருக்குது. "அன்பான உபசரிப்புக்கு நன்றி"ன்னு ஒரு வரி.

நீங்களே சொல்லுங்க. அஞ்சு பொன்னாடை போட்டவனுக்கு உபசரிப்புக்கு நன்றி. சேத்துல எறக்கி விட்டவளுக்கு ஏரோப்ளேன். இதுதான் வெள்ளக்காரன் புத்தி. அந்த அம்மிணி அங்க போயி என்னங்க பண்ணும்? இங்கிலீசு பேசறப்பவே நடுவுல "வந்துங்க, வந்துங்க"ன்னு வரும். தயிர்சாதம் இல்லீன்னா ரெண்டு நாளு தாங்காது. புருசன் மாவு மில்லு வெச்சிருக்கறவன். அவன்கூட வந்து நிக்கறான், "சார், நீங்கதான் சார் அனுப்பி வெக்கோணும்"னு. எனக்குக் கோவம் வராதுங்களா? எங்கூட்டுல கோட்டு தொங்கிட்டு இருக்குது. சம்பந்தி ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு, "டிக்கெட் போட்டாச்சுங்களா?"ன்னு.

ஆனா நான் பெருந்தன்மையாத்தான் நடந்துக்கிட்டேன். ஒரு வார்த்தை சொல்லல. எதிர்த்துப் பேசல. படிவம் வந்துச்சு. "இவர் சென்று வர ஆட்சேபணை இல்லை"ன்னு துறைத்தலைவர் கையெழுத்துப் போடோணும், அதுக்கு மேல பிரின்சிபால் போடுவாரு. வெச்சுட்டுப் போம்மா, பாக்கறேன்னேன். பத்தொம்பது நாளா என் மேசை டிராயர்ல இருக்குது. அந்த அம்மிணி வரும், நிக்கும். "என்னம்மா?"ம்பேன். "ஒண்ணுமில்லீங்க சார்"னுட்டுப் போயிரும். கேக்கல பாருங்க! வாயத் தொறந்து கேக்கல. கேட்டாத்தானே நானும் ஏதாச்சும் சொல்ல முடியும்? அந்தத் திமிரு இருக்குதில்ல, அதத்தான் என்னால பொறுத்துக்க முடியல.

கடைசித் தேதி என்னிக்குன்னு கேக்கறீங்களா? இன்னிக்குங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள படிவம் லித்துவேனியாவுக்குப் போயிச் சேரோணும். நான் யாரையும் தடுக்கல. எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லைங்க. எனக்கு மதுரையில ஒரு கல்யாணம், அவ்வளவுதான். யாரு கல்யாணமா? எங்க துறையில முன்ன இருந்த ஒருத்தரோட மச்சினன் பையன். நான் பாத்ததில்ல. பத்திரிகை வந்துச்சு, போகோணுமில்லீங்க? முறைன்னு ஒண்ணு இருக்குது.

லீவு லெட்டரும் முறையாக் குடுத்துட்டுத்தான் வந்தேன். ரெண்டு நாளு தற்செயல் விடுப்பு. நேத்தே பிரின்சிபால் கையெழுத்துப் போட்டுட்டாரு. யாரும் குத்தம் சொல்ல முடியாது. எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கறேன். காரணம், தேதி, விலாசம், விடுப்பு நாளுல துறைப் பொறுப்பு.

என்னங்க?

துறைப் பொறுப்புன்னா, அதாங்க, நான் இல்லாத நாளுல துறைத்தலைவர் வேலைய யாரு பாக்கறாங்கன்னு ஒரு பேரு எழுதோணும். கோகிலவாணின்னு எழுதியிருக்கறேன். வேற யாரு எழுதறது? பன்னண்டு வருசமா அந்தப் பேருதான். கை தன்னால எழுதிரும்.

ஏனுங்க சிரிக்கறீங்க?

இல்ல, சிரிச்சீங்க. சொல்லுங்க. நீங்க எங்க வேலை பாக்கறீங்க? யூனியன் ஆபீஸ் சூப்பிரண்டா? சரி, சொல்லுங்க. பொறுப்புல இருக்கறவங்க கையெழுத்து செல்லுமா? தனக்குத் தானேவா? அதெப்படிங்க, தனக்கு ஆட்சேபணை இல்லைன்னு தானே எழுதிக்கறதா? மேல பிரின்சிபால் போட்டாச் செல்லுமா? உங்க ஆபீஸ்ல அப்படி நடக்கும், எங்க காலேஜ்ல... படிவம் என் டிராயர்ல பூட்டி இருக்குதுங்க. சாவி இதோ இருக்குது. இன்னொண்ணு பிரிண்ட் எடுக்கலாமா? எடுக்கலாம்.

இருங்க. போனைத் தொறக்கறேன். அணைச்சுத்தான் வெச்சிருந்தேன், கூப்புட்டு உயிரை எடுப்பாங்கன்னு. காலையில இருந்து அந்த அம்மிணி அம்பது தடவையாச்சும் கூப்புட்டிருக்கும். அழுதிருக்கும். வரட்டும், கொஞ்சம் சிக்னல் வரட்டும்.

வந்துருச்சு.

துறை குரூப்ல வருதுங்க. பிரின்சிபால் போட்டிருக்கறாரு, பதினொண்ணே காலுக்கு. போட்டோ. படிவம். கீழ "பொறுப்புத் துறைத்தலைவர்"னு எழுதி, கோகிலவாணி கையெழுத்து. எப்பவும் போல குண்டு குண்டா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி. அதுக்கு மேல அவரு கையெழுத்து. "வாழ்த்துகள்". அதுக்கப்புறம் எல்லாரும் பூச்செண்டு, கும்பிடு, பூச்செண்டு. மெஸ் மாஸ்டர் எப்பங்க இந்த குரூப்புல சேந்தான்?

எனக்குத் தனியா ஒண்ணு போட்டிருக்குது அந்த அம்மிணி. படிக்கறேன், கேளுங்க. "சார், உங்க மூணாவது அவர் வகுப்ப நான் எடுத்துட்டேனுங்க. நாளைக்கும் பாத்துக்கறேன். கல்யாணத்துல சாப்புட்டு நிதானமா வாங்க." அவ்வளவுதான். கையெழுத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

கூப்புட்டதா? பாக்கறேன். மிஸ்டு கால்... எங்கூட்டம்மா ஒண்ணு. சம்பந்தி ஒண்ணு. ஏதோ லோன் குடுக்கறவன் ஒண்ணு. அந்த அம்மிணி கூப்புடல. ஒரு தடவைகூட இல்லைங்க.

போகட்டும். போயிட்டு வரட்டும். யாரு அனுப்புனதுன்னு நினைக்கறீங்க? என் லீவு லெட்டர்தானே அனுப்புச்சு? நான் இன்னிக்கு லீவு போடாம ஆபீஸ்ல உக்காந்திருந்தா அதால போயிருக்க முடியுமா? சம்பந்திகிட்ட அப்படித்தான் சொல்லப் போறேன். நானாப் பாத்து விட்டுக் குடுத்தேன்னு. அந்தக் கோட்டக்கூட வேணும்னா எடுத்துக்கட்டும், குளிருமில்ல அங்க. பெருசா இருக்கும், பரவால்ல.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? எனக்கு ஒண்ணும் இல்லைங்க. வயிறு எரியுது, அவ்வளவுதான். மறைச்சு என்ன ஆகப் போகுது?

ஆனா ஒண்ணு சொல்றேனுங்க. ஒரே ஒரு தடவை கூப்புட்டிருக்கலாம். பத்தொம்பது நாளு வந்து வந்து நின்னுச்சே, ஒரு தடவை, "சார், கையெழுத்துப் போடுங்க சார்"னு வாயத் தொறந்து கெஞ்சியிருக்கலாம். நான் போட்டிருக்க மாட்டேன், அது வேற விசயம். இருந்தாலும் எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்லீங்க?